எதிரே நிற்பவரின் கை
அத்தியாயம் 11

இந்த மாதம் அவளிடம் வந்த மூன்றாவது இடது தோள், அவளுடைய சொந்தத் தம்பியுடையது.

போன வாரம் அவன் துண்டில் தைல வாசனையைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். பத்து நாளாக வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு நீந்துகிறான் என்பதை அவன் வாயிலிருந்து பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "வியாழக்கிழமை காலையில கிளினிக் திறக்கறதுக்கு முன்னாடி வா. வரலைன்னா அம்மா காதுல போட்டுடுவேன்" என்று மிரட்டியிருந்தாள். வந்துவிட்டான்.

அவள் வீட்டுக்குப் பெரியவள், ஊருக்கு பிசியோதெரபிஸ்ட். அவனோ சிறு வயதிலிருந்தே பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி நடப்பவன், அதனால் வாத்து. தண்ணீரில் இறங்கியபின் அவனைப் பார்த்தவர்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள்.

"கையைப் பக்கவாட்டுல தூக்கு. மெதுவா."

தோள் உயரத்தை நெருங்கும்போது அவன் புருவம் சுருங்கியது. கை தலைக்கு மேலே போனதும் முகம் தெளிந்தது.

"நடுவுல மட்டும் வலிக்குது, இல்ல?"

"லேசா."

"லேசான்னா எவ்வளவுடா?"

"லேசான்னு சொல்ற அளவுக்கு நிறைய, அக்கா."

அவனை மேசையில் குப்புறப் படுக்க வைத்து, காற்றில் நீந்தச் சொன்னாள். தலையும் தோள்களும் மேசையின் விளிம்புக்கு வெளியே இருந்தன. வலது கை அழகாகப் போனது. முழங்கை உயர, விரல்நுனிகள் தோளுக்கு நேர் முன்னால் இறங்கி, கை நீண்டது. இடது கை வேறு யாருடைய உடம்பிலிருந்தோ கழற்றி மாட்டியது போல இருந்தது. கட்டை விரல் கீழே பார்க்க, மூக்குக்கு முன்னால் குறுக்கே போய் வலது பக்கத்தில் இறங்கியது.

"இந்தக் கை ஏன் கோட்டைத் தாண்டிப் போகுது?"

"எந்தக் கோடு?"

"மூக்குக்கு நேரா ஒரு கோடு போட்டுக்கோ. இடது கை அந்தக் கோட்டுக்கு இடது பக்கமே இறங்கணும். கட்டை விரலை முதல்ல இறக்கினா மேல்கை உள்பக்கமா முறுக்கிக்கும். அதோட குறுக்கயும் போனா, தோள் எலும்புக்கு அடியில இருக்கற நார் நசுங்கும். ஒரு தடவைன்னா ஒண்ணும் ஆகாது. அஞ்சு கிலோமீட்டருக்கு இடது கையை எத்தனை தடவை போடுவ?"

அவன் கணக்குப் போட்டான். "ரெண்டாயிரத்து ஐந்நூறு."

"அத்தனை தடவை நசுங்கும்."

ஞாயிற்றுக்கிழமை ஏரியில் ஐந்து கிலோமீட்டர் தேர்வு. மாநில அணிக்கு நான்கு பேரை எடுப்பார்கள். போன வருடம் ஒன்பது விநாடியில் அவனுக்கு வாய்ப்பு கை நழுவியது. இருபத்தாறு வயதுக்கு மேல் எடுப்பதில்லை, அவனுக்கு இருபத்தாறு. இதெல்லாம் அந்த வீட்டில் நாள்காட்டியைப் போலச் சுவரில் தொங்காத குறைதான்.

"சீட்டு கொண்டு வந்திருக்கியா?"

"எந்தச் சீட்டு?"

"நடிக்காத. நீந்தலாம்னு பிசியோ சீல் வச்சுத் தரணுமே, அது."

"அதுக்கு சனிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. உன்னை நான் கேக்கவே இல்லையே."

"கேட்டாலும் தர மாட்டேன். ஆறு வாரம் ஓய்வு."

எப்போதும் வாயாடுகிறவன் சும்மா இருந்தது அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஐஸ் பை எடுக்க உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவன் அவளுடைய மேசையருகே நின்று சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். சீல் மை டப்பா திறந்து கிடந்தது. காய்ந்துவிடுமே என்று மூடி வைத்தாள்.

அவன் போன பிறகு நோயாளிகளின் நோட்டைப் புரட்டினாள். மூன்றாம் தேதி, வங்கியில் பணம் கொடுக்கும் ஜன்னலில் உட்காருகிறவர். இடது தோள். எட்டாம் தேதி, பல்லில் கம்பி போட்ட பள்ளிக்கூடப் பெண். இடது தோள். இன்று வாத்து. மூன்று பேரும் ஒரே குளத்தில் நீந்துகிறவர்கள். மூன்று பேருக்கும் ஒரே பயிற்சியாளர்.

அந்தப் பயிற்சியாளருக்கு ஊரில் ஒரே பெயர்தான், மாஸ்டர். குளத்தின் கேட்டுக்கு உள்ளே வந்தால் பெற்ற பிள்ளைகளும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். கேட்டுக்கு வெளியேதான் அம்மா.

அம்மா சொல்லித் தந்த கையில் தப்பா? இருபத்தெட்டு வருடமாக அதே கையை ஊருக்கே சொல்லித் தருகிறவள். பெரியவள் நோட்டை மூடி வைத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு அம்மாவே கிளினிக்குக்கு வந்தாள்.

கழுத்தில் விசில், இடது தோளில் பை. போன வருடம் குட்டையாக வெட்டிக்கொண்ட முடி இப்போது அவளுக்குப் பழகிவிட்டது. நீளமாக இருந்தால் காய மாட்டேனென்கிறது என்று அப்போது சொன்னாள். பையை மேசைமேல் வைத்துவிட்டு ஒரு ஃபாரத்தை நீட்டினாள்.

"டாக்டரம்மா, ஒரு கையெழுத்து, ஒரு சீல். அஞ்சு மணிக்குள்ள ஆபீஸ்ல குடுக்கணுமாம்."

"நான் டாக்டர் இல்லம்மா."

"அதான் அம்மான்னு சேர்த்துச் சொல்றேன்."

பெரியவள் படித்தாள். குளத்தோரம் நிற்கிற எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் புதிய விதி. ஏழு வரிகள். நான்காவது வரி: இரு கைகளையும் தலைக்கு மேல் முழுமையாக உயர்த்த இயலும். அடியில் சிறிய எழுத்தில், எந்த வரியிலாவது 'இல்லை' என்று வந்தால் குணமாகும்வரை குளத்தோரம் நிற்கக் கூடாது.

"பரிசோதனை பண்ணாம எப்படிம்மா போடறது?"

"பெத்தவளையே பரிசோதிப்பியா? சரி, கேளு. எல்லாத்துக்கும் ஆமாம்."

"கையைத் தூக்கு."

அம்மா இடது கையைத் தூக்கினாள், போக்குவரத்தை நிறுத்துகிற போலீஸ்காரர் மாதிரி. "போதுமா?"

"இன்னொண்ணு."

"அதுல ஃபாரம் இருக்கு."

"ஃபாரம் என் கையில இருக்கும்மா."

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். "மூணரைக்குப் பசங்க வந்துடுவாங்க. நீ நிதானமா எழுதி வை, நான் யாரையாவது அனுப்பறேன்."

"நானே நாலு மணிக்குக் குளத்துக்குக் கொண்டு வரேன்."

"நீயா?" பன்னிரண்டு வயதில் நீச்சலை விட்டதிலிருந்து பெரியவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அம்மா ஒரு கணம் நின்றாள். பிறகு பையை எடுத்து இடது தோளில் மாட்டிக்கொண்டு போனாள்.

மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனாள் பெரியவள். அப்பா இரண்டு ட்ரிப்புகளுக்கு நடுவே, காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வருடமாக பஸ் ஓட்டுகிறவர். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தாலும் வலது கால் பிரேக்கைத் தேடும்.

டீத்தூளுக்காக மேல் அலமாரியைத் திறந்தாள். காலி.

"கீழ பாரு" என்றார் அப்பா. "எல்லாம் கீழதான். ஒரு வருஷமாச்சு."

டீத்தூள், சர்க்கரை, பெரிய பாத்திரங்கள், எல்லாம் இடுப்புக்குக் கீழே வரிசையாக இருந்தன. தினமும் இரவு வந்து தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறவளுக்கு அலமாரி எங்கே தெரியும்?

"யாருப்பா மாத்தினது?"

"உங்கம்மாதான். குனிஞ்சு எடுத்தா முதுகுக்கு நல்லதுன்னு நீ சொன்னியாமே."

"நான் அப்படிச் சொல்லவே இல்ல."

அப்பா சிறிது நேரம் டம்ளரைத் திருப்பிக்கொண்டிருந்தார். "நீ சொல்லியிருக்க மாட்டேன்னு நானும் நினைச்சேன்."

பால்கனியில் துணி உலர்த்தும் கயிறு அவள் நெற்றி உயரத்தில் இருந்தது. முன்பு எம்பிப் பிடித்தால்தான் எட்டும்.

"இதுவும் அம்மாவா?"

"இது நான். ஒரு நாள் சட்டையை எறிஞ்சு எறிஞ்சு கயித்துல மாட்டப் பார்த்துட்டிருந்தா. நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. கேட்டா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். அதான், கேக்காம கயித்த இறக்கிட்டேன்."

"அம்மா ஒண்ணும் சொல்லலையா?"

"கயிறு தொய்ஞ்சு போச்சுன்னு சொன்னா. ஆமான்னு சொல்லிட்டேன்."

பெரியவள் கையைக் கழுவிக்கொண்டாள். தெருவில் வருகிறவர்கள் போகிறவர்கள் தோளையெல்லாம் நடையை வைத்தே சொல்லிவிடுவாள். சொந்த வீட்டில் ஒரு தோள் ஒரு வருடமாக அலமாரியைக் காலி செய்து, கயிற்றை இறக்கி, முடியையும் வெட்டிக்கொண்டிருக்கிறது.

வலது தோள். அதுதான் இடித்தது. அம்மாவுக்கு வலது. வந்த மூன்று பேருக்கும் இடது.

குளம் அவள் நினைத்து வைத்திருந்ததைவிடச் சிறியதாக இருந்தது. வாசனை மட்டும் அதே வாசனை. பார்வையாளர் படிக்கட்டில் மேலே போய் உட்கார்ந்தாள். மணி நாலு ஆகப் பத்து நிமிடம்.

தண்ணீரில், சுவரைப் பிடித்தபடி எட்டுப் பேர். எல்லாருக்கும் ஒரே நிறத் தொப்பி. ஐந்தாவது தடத்தில் தனியாக வாத்து, ஆறு வார ஓய்வில் இருக்க வேண்டியவன், போய் வந்துகொண்டிருந்தான்.

முன்பெல்லாம் அம்மா தண்ணீரில் இறங்கி ஒவ்வொரு கையையும் பிடித்துக் காட்டுவாள். இப்போது கரையில் நின்றாள். தொண்டை கட்டாமல் கத்துவதற்கு இதுதான் வசதி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னைப் பாருங்க. கை இப்படிப் போகணும்."

இடது கை எழுந்தது. முழங்கை உயர்ந்து, விரல்கள் நேராக முன்னால் போயின. குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு வலது கை. அது தோள் உயரத்தில் தயங்கியது. உடனே அம்மா தோளைக் கொஞ்சம் குலுக்கி, முழங்கையைத் தாழ்த்தி, உள்ளங்கையை வெளிப்பக்கம் திருப்பி, கட்டை விரலைக் கீழே விட்டு, மூக்குக்கு முன்னால் குறுக்கே கொண்டுபோய் இறக்கினாள். வலிக்கிற இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிற ஒரு குறுக்குப் பாதை. எவ்வளவு நாள் பழக்கமோ, பார்ப்பதற்கு அதுவும் அழகாகத்தான் இருந்தது.

தண்ணீரில் எட்டுக் கைகள் எழுந்தன. எட்டும் இடது கைகள்.

எதிரே நிற்கிறவர்களுக்கு அம்மாவின் வலது கை, அவர்களுடைய இடது பக்கத்தில் இருந்தது. கண்ணாடியைப் பார்ப்பது போல அவர்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் செய்ததைப் பிசகாமல் செய்தார்கள்.

வாத்து சுவரைத் தொட்டு நிமிர்ந்தான். ஒவ்வொரு முறை சுவரைத் தொடும்போதும் அவனுக்கு எதிரே அதே ஆள், அதே கை. போன வருடத்து ஒன்பது விநாடிக்குப் பிறகு அம்மா அவனை முதல் பாடத்திலிருந்து திரும்பக் கற்க வைத்திருந்தாள்.

மிதவைப் பலகைகள் அடுக்கி வைத்திருக்கும் அறைக்குள் பெரியவள் அம்மாவைக் கூட்டிப் போனாள். பசங்களைப் பத்து சுற்று நீந்தச் சொல்லிவிட்டு அம்மா வந்தாள்.

"கையெழுத்து போட்டாச்சா?"

"வலது கையைத் தூக்கும்மா."

"இங்க மாஸ்டர்."

"வலது கையைத் தூக்குங்க மாஸ்டர்."

அம்மா தூக்கினாள். தோள் உயரம்வரை வந்தது. அதற்கு மேல் கை வரவில்லை, தோள்பட்டைதான் காதை நோக்கி ஏறியது. பெரியவள் ஒரு கையால் தோளைப் பிடித்து, மறு கையால் முழங்கையைத் தாங்கிப் பார்த்தாள். தாயின் கை இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

"எப்போலேர்ந்து?"

"ஆழமான பக்கத்துல ஒருத்தர் முழுகப் பார்த்தாரே, பதினாலு மாசம் இருக்கும். என்னை மாதிரி ரெண்டு ஆள் கனம். இழுத்துப் போட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க." அம்மா பலகைகளைப் பார்த்தபடி சொன்னாள். "நாலு நாள்ல சரியாயிடும்னு நினைச்சேன்."

"வீட்டுல ஒரு பிசியோ இருக்கேனேம்மா."

"அதான் சொல்லல. தண்ணியில இறங்கக் கூடாது, கரையில நிக்கக் கூடாதும்ப. வலிச்சா ஓய்வு எடுன்னு நான் ஊருக்கெல்லாம் சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்லுவ. சரி, என் கைதானே? என்னோட போகட்டும். நீ போடு."

"உன்னோட போகலம்மா. வாத்துக்குத் தோள் வலி. அந்த பேங்க்காரருக்கும், கம்பி போட்ட பொண்ணுக்கும். நீ எப்படித் தூக்கறியோ அப்படியே தூக்கறாங்க."

அம்மாவின் முகத்தில் அப்போதுதான் கோபம் வந்தது. "எந்தத் தோள்?"

"இடது."

"எனக்கு வலது. கதை விடாத."

"அவங்க உனக்கு எதிர்ல நிக்கறாங்க."

வெளியே யாரோ தண்ணீரைத் தட்டிச் சிரித்தார்கள். அம்மா சுவரைப் பார்த்து ஒரு முறை வலது கையை அசைத்தாள், பிறகு இடது கையை. பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

குளத்தோரம் நின்று ஒரு முழுச் சுற்று அவர்களை நீந்த விட்டுப் பார்த்தாள். இருபத்தெட்டு வருடமாகத் தப்பைத் தேடுகிற கண். இதுவரை தேட வேண்டிய இடம் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

"நீந்தும்போதும் அதே கைதான், ஆறு பேருக்கு" என்றாள் கடைசியில்.

"ஏழு."

"ஏழாவது யாரு?"

"அஞ்சாவது தடம்."

அம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. "எவ்வளவு மோசம்?"

"ஆறு வாரம் ஓய்வு. ஞாயித்துக்கிழமை நீந்தினா என்ன கிழியும்னு என்னால சொல்ல முடியாது."

"அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"காலையிலயே சொல்லிட்டேன். எதனாலன்னு மட்டும் எனக்கே அப்போ தெரியாது."

மணி நாலு நாற்பது. அம்மா ஃபாரத்தை வாங்கி மகள் கையிலேயே திருப்பித் திணித்தாள். "எழுது. உள்ளதை எழுது."

"நாளைலேர்ந்து இங்க நிக்க விட மாட்டாங்கம்மா."

"படிக்கத் தெரியும் எனக்கு."

பெரியவள் மிதவைப் பலகைமேல் ஃபாரத்தை வைத்து எழுதினாள். நான்காவது வரிக்கு எதிரே: இல்லை. கையெழுத்துப் போட்டாள். பையிலிருந்து மை டப்பாவையும் சீலையும் எடுத்து அழுத்தினாள். ஊதா நிற வட்டம் பளிச்சென்று விழுந்தது.

அம்மா விசிலை ஊதினாள். "வாத்து, மேல ஏறி வா. இங்க, என் இடத்துல நில்லு. இவங்களைப் பார்த்து நில்லு."

"என்ன மாஸ்டர்?" தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தான்.

"வலது கையைக் காட்டு. அதை மட்டும். மெதுவா." பிறகு குளத்தைப் பார்த்துச் சொன்னாள், தண்ணீரின் ஆழம் இவ்வளவு என்று சொல்கிற அதே குரலில். "எல்லாரும் இவனைப் பாருங்க. என்னைப் பார்க்காதீங்க. என் வலது கை சரியா இல்ல. ஒரு வருஷமா சரியா இல்ல."

பல்லில் கம்பி போட்ட பெண் நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "அப்ப நாங்க தப்பா கத்துக்கிட்டோமா மாஸ்டர்?"

"நீங்க சரியா பார்த்தீங்க. நான் காட்டினதுதான் தப்பு."

வாத்து அக்காவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அவனுக்குப் புரிந்துவிட்டது. வலது கையைத் தூக்கினான்.

அம்மா ஃபாரத்தோடு ஆபீஸ் பக்கம் நடந்தாள். மணி நாலு ஐம்பது.

முழங்கை உயர்ந்தது, மணிக்கட்டு தளர்ந்தது, விரல்கள் தோளுக்கு நேராக நீண்டன. தண்ணீரில் எட்டு இடது கைகள் அவனைப் பின்தொடர்ந்தன. நான்காவது முறை, மூன்று கைகள் கோட்டைத் தாண்டவில்லை. ஏழாவது முறை, ஐந்து.

பெரியவள் தம்பியின் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டாவது முறை அவன் கை அவள் கண்ணுக்கு நேராகப் போனது. கட்டை விரல் நகத்தின் ஓரத்தில் ஊதா நிறம். ஒரு மணி நேரத் தண்ணீரிலும் போகாத ஊதா.

அவளுக்குத் திறந்து கிடந்த மை டப்பா நினைவுக்கு வந்தது.

"உன் சீட்டு எங்கடா?" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

அவன் கையை இறக்கவில்லை. "குடுத்தாச்சு."

"எப்போ?"

"காலையிலயே. ஏரி ஆபீஸ்ல." ஒன்பதாவது முறை கை மேலே போனது. "சீலை மட்டும்தான் பார்த்தாங்க. அக்கா, இப்ப வேணாம். பசங்க பார்க்கறாங்க."

ஆபீஸ் கதவு திறந்தது. அம்மா வெறுங்கையோடு வந்தாள். கழுத்தில் விசில் இல்லை. மகளின் அருகே வந்து நின்று, குளத்தைப் பார்த்தாள். எட்டுக் கைகள் நேராகப் போய்க்கொண்டிருந்தன.

"பெத்த பொண்ணே 'இல்லை'ன்னு எழுதிட்டாளான்னு மேனேஜர் சிரிச்சார்" என்றாள். "அவ சீல் பொய் சொல்லாது சார்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

பிறகு இடது தோளில் கிடந்த பையைக் கழற்றி மகளிடம் நீட்டினாள். "இதைக் கொஞ்சம் பிடி."

பெரியவள் வாங்கிக்கொண்டாள். அவளுடைய கைப்பைக்குள் சீல் இருந்தது. பத்தாவது முறையாக வாத்து வலது கையைத் தூக்கினான், அவள் பக்கம் பார்க்காமல்.